மூன்று பேர் வண்டியிலிருந்து நாலு பேர் வண்டிக்கு

சிங்கப்பூர் ராணுவத்தின் கவசப் படையில் பழைய ஏஎம்எக்ஸ்-13 டாங்கியில் பதின்மூன்று வருடம் இருந்துவிட்டு, அப்புறம் லெப்பர்ட் 2 டாங்கிக்கு மாறியவன் நான். ஒரு சின்ன நாடு தன் டாங்கிகளை மாற்றுகிறது என்றால் எத்தனை வண்டி, யாரிடமிருந்து, எவ்வளவு எடை என்றுதான் செய்தி வரும். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த மாற்றம் எப்படி இருந்தது என்று நான் தமிழில் படித்ததே இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். ரகசியம் எதுவும் இதில் கிடையாது. எல்லோருக்கும் தெரிந்த விவரங்களும் என் சொந்த அனுபவமும் மட்டும்தான்.

என் அப்பா பிரிட்டிஷாரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1968 ஜனவரியில் பிரிட்டிஷ்காரர்கள் 1971க்குள் படைகளைத் திரும்ப அழைத்துக்கொள்ளப் போவதாக அறிவித்தபோது வேலையும் போகும், காவலும் போகும் என்று ரெண்டு பயம் சேர்ந்து வந்ததாகச் சொல்வார். அதே ஜனவரியில்தான் இஸ்ரேல் தான் கழிக்கவிருந்த பிரெஞ்சு ஏஎம்எக்ஸ்-13 டாங்கிகளைக் குறைந்த விலைக்கு வாங்குவது என்று அரசு முடிவெடுத்தது. மொத்தம் 72. முதல் 30 வண்டிகள் 1969 ஜூனில் வந்து இறங்கின, ஆகஸ்ட் 9 தேசிய தின அணிவகுப்பில் பாடாங் திடலை ஒட்டி ஓடின. அன்றைக்குக் கூட்டத்தில் அப்பாவும் நின்றிருக்கிறார். கோலாலம்பூரில் மே மாதக் கலவரம் நடந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம், பக்கத்தில் மலேசியாவிடம் அப்போது டாங்கியே இல்லை. "தரை அதிர்ந்துச்சுடா, காலுக்குள்ள அதிர்ந்துச்சு" என்பார். அதற்கு மேல் அதைப் பற்றி ஒன்றும் சொல்லத் தெரியாது அவருக்கு, ஆனால் ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் சொல்வார்.

நான் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பணிக்குப் போனது 1993ல். போட்ட இடம் கவசப் படை, சுங்கை கெடோங் முகாம். கறுப்புத் தொப்பியைத் தலையில் வைத்து நின்ற அன்றைக்கு அப்பா பேசவே இல்லை, தொப்பியை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சேவைக் காலம் முடிந்ததும் நிரந்தர வேலையாகவே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அப்போது நாங்கள் ஓட்டியது எஸ்எம்-1. அதே ஏஎம்எக்ஸ்-13தான், 1980களின் இறுதியில் சிங்கப்பூரிலேயே பிரித்து மேம்படுத்தியது. பெட்ரோல் இன்ஜினைத் தூக்கிவிட்டு டீசல் இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர், புது சஸ்பென்ஷன். பெட்ரோல் வண்டிக்குள் இருப்பவனுக்கு டீசல் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று பழைய ஆட்களைக் கேட்டால்தான் தெரியும். மேலே உள்ள 75 மில்லிமீட்டர் பீரங்கி மட்டும் பழையதேதான்.

இந்த வண்டியின் உட்புறத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், சொன்னால்தான் பின்னால் வருவது புரியும். எடை சுமார் 15 டன், அகலம் இரண்டரை மீட்டர். ஆட்கள் மூன்று பேர். டிரைவர் முன்னால் இடது பக்கம், அவருக்கு வலது தோள் பக்கமே இன்ஜின், கோடையோ மழையோ ஒரு பக்கம் வேகிக்கொண்டே ஓட்டுவார். மேலே டரட்டில், அதாவது பீரங்கி பொருத்திய சுழலும் மேற்கூட்டில், இடப்பக்கம் கமாண்டர், வலப்பக்கம் குறி பார்த்துச் சுடும் கன்னர், நடுவில் பீரங்கி. மற்ற டாங்கிகளில் பீரங்கி மட்டும் மேலும் கீழும் அசையும். இதில் டரட்டின் மேல்பாதி முழுவதும் பீரங்கியோடு சேர்ந்து சாயும், நாமும் அதோடு சாய்வோம். பின்னால் ஆறு ஆறு குண்டாக ரெண்டு டிரம். சுட்டதும் பீரங்கி பின்னுக்கு உதைக்கும், காலிக் கூடு டரட்டின் பின்கதவு வழியாக வெளியே பறக்கும், டிரம் சுழன்று அடுத்த குண்டு தானாக வந்து உட்காரும். ஐந்து வினாடிதான். குண்டு போட ஆள் தேவையில்லை. பன்னிரண்டும் தீர்ந்தால் மறைவுக்குப் பின்வாங்கி, வெளியே இறங்கி டிரம்மை நிரப்ப வேண்டும், அது வேறு விஷயம். நின்றால்தான் ஒழுங்காகச் சுட முடியும், ஓடிக்கொண்டே சுடும் வண்டி இல்லை அது. கவசமோ மெலிசு. ஆனால் அந்த டிரம் சுழலும் சத்தம் இருக்கிறதே, அது பதின்மூன்று வருடத்தில் என் உடம்புக்குள் போய்விட்டது. "ஃபயர்" என்று சொல்லுவேன், மனசுக்குள் ஐந்து எண்ணுவேன், மறுபடி "ஃபயர்".

2006 டிசம்பரில் தற்காப்பு அமைச்சு அறிவித்தது. ஜெர்மன் ராணுவத்தில் இருந்த லெப்பர்ட் 2ஏ4 வண்டிகள், பழுதுபார்த்துப் புதுப்பித்த 66ம், உதிரிக்கென்று 30ம். பனிப்போர் முடிந்த பிறகு ஜெர்மனிக்கு மிகுந்துபோன நல்ல வண்டிகள். அப்போது அமைச்சர் தியோ சீ ஹியன். புது டாங்கியைப் புதிதாகத் தயாரிக்கச் சொல்லி வாங்கியிருந்தால் என்ன விலை ஆகியிருக்கும் என்று யோசித்தால், 1968லும் 2006லும் அரசு எடுத்தது ஒரே மாதிரியான முடிவுதான் என்று எனக்குத் தோன்றும்: இன்னொருவர் கழிக்கும் நல்ல பொருளைப் பார்த்து வாங்கி, நம் கைக்கு ஏற்ற மாதிரி ஆக்கிக்கொள்வது. அது சரியான முடிவு என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

கேன்டீனில் அன்று ஒரே பேச்சு. எங்கள் பிரிவில் ஒரு தமிழ் வாரண்ட் ஆபீசர் இருந்தார். முகாமில் எல்லோருக்கும் அவர் என்சிக், மலாயில் ஐயா என்பது போல, தேநீர் மேசையில் எனக்கு மட்டும் அண்ணன். "அண்ணே, அம்பத்தஞ்சு டன்னாமே" என்றேன். அவர் தே தாரிக்கை வைத்துவிட்டு, "டன்னை விடு தம்பி, நாலு பேராம். அதைப் பாரு" என்றார். அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

ஜெர்மனிக்குப் பயிற்சிக்குக் கிளம்பும்போது என் மகனுக்கு ரெண்டு வயது. வட ஜெர்மனி, சமவெளி, எங்கு பார்த்தாலும் பைன் மரம். குளிரைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஒன்று மட்டும் சொல்கிறேன்: காலையில் இரும்பைத் தொட்டால் கையுறைக்குள்ளும் விரல் மரத்துப்போகும், சிங்கப்பூரில் இரும்பைத் தொட்டால் சுடும், அந்த வித்தியாசத்துக்கு உடம்பு பழகவே ரெண்டு வாரம் ஆனது. எங்களுக்கு அணிவகுப்புக் கட்டளை மலாயில், தொழில்நுட்பம் ஆங்கிலத்தில், வீட்டுப் பேச்சு அவரவர் மொழியில். வண்டிக்குள்ளோ சுவிட்சுக்குச் சுவிட்ச் ஜெர்மன். முதல் வாரம் முழுக்க நாங்கள் செய்தது ஒவ்வொன்றின் மேலும் ஆங்கிலத்தில் எழுதிய சின்னத் தாளை ஒட்டி மனப்பாடம் செய்ததுதான்.

இன்ஜின் 1500 குதிரைத்திறன், எங்கள் எஸ்எம்-1ஐப் போல ஐந்து மடங்கு. ஆனால் இன்ஜினும் கியரும் ஒரே கட்டாக வெளியே வரும், பயிற்சி உள்ள குழு கிரேனை வைத்து அரை மணிக்குள் மாற்றிவிடும். என் கண்ணால் பார்த்தேன், நம்ப முடியவில்லை. பீரங்கி 120 மில்லிமீட்டர். வண்டி மேடுபள்ளத்தில் குதித்தாலும் பீரங்கி இலக்கிலேயே நிற்கும், லேசர் தூரம் சொல்லும், இருட்டில் வெப்பப் படத்தில் முயல் ஓடுவது தெரியும். ஓடிக்கொண்டே சுட்ட முதல் நாள் கன்னர் தம்பி பார்வைக் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை, நாங்கள் தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டியிருந்தது.

இதையெல்லாம் கற்றுக்கொள்வது கஷ்டமாக இல்லை. பாடம், தேர்வு, மறுபடி பாடம். கஷ்டம் நாலாவது ஆளிடம்தான் வந்தது.

லெப்பர்ட்டில் கமாண்டரும் கன்னரும் வலப்பக்கம் முன்னும் பின்னுமாக உட்காருவார்கள். இடப்பக்கம் முழுவதும் அந்த நாலாவது ஆளுக்கு, பீரங்கியில் குண்டு போடும் லோடருக்கு. ஜெர்மன்காரர்கள் லாடேஷூட்ஸே என்பார்கள். பின்னால் இரும்புக் கதவுக்கு அப்பால் 15 குண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், இன்னும் 27 முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில். லோடர் கதவைத் திறந்து, 20 கிலோவை ஒட்டிய குண்டை உருவி, திருப்பி, பீரங்கியில் ஏற்றி, கதவை மூடி, பீரங்கி உதைத்து வரும் வழியிலிருந்து தன் உடம்பை விலக்கிக்கொண்டு, பாதுகாப்பு லீவரைப் போட்டுவிட்டு, தயார் என்று குரல் கொடுக்க வேண்டும். ஆறேழு வினாடி. ஓடும் வண்டிக்குள், நின்றுகொண்டு.

எங்களுக்கு வந்த லோடர் இருபத்தொரு வயதுப் பையன், ஜூரோங்கில் வளர்ந்தவன், வாய் திறந்து அதிகம் பேசமாட்டான். ஒரு நாள் பயிற்சிக் குண்டு வைத்து ஓட்டம். முதல் குண்டு. நான் "ஃபயர்" என்றேன். அப்புறம் பழக்கதோஷம், மனசு ஐந்து எண்ணியது, எண்ணி முடித்ததும் வாய் தானாக மறுபடி "ஃபயர்" என்றுவிட்டது. அவன் இன்னும் குரல் கொடுக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அவன் வலது கை பீரங்கியின் பின்வாய்க்கு நேரே இருக்கிறது.

ஒன்றும் ஆகவில்லை. லீவர் போடாமல் பீரங்கி சுடாது, அது போக, உள்ளே இருந்தது பயிற்சிக் குண்டு. ஆனால் வண்டிக்குள் ஒரு அமைதி வந்தது பாருங்கள். பையன் கையை எடுத்துத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். கோபம் இல்லை, என்ன செய்வது என்று தெரியாத பார்வை. ஜெர்மன் பயிற்றுநர் வண்டியை நிறுத்தச் சொல்லி, என்னைக் கீழே இறக்கித் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "நாளையிலிருந்து நீ லோடர்" என்றார், அவ்வளவுதான்.

ஒரு வாரம் லோடராக நின்றேன். என் வயதுக்கு இடுப்பு போய்விட்டது, முழங்கையில் கதவு விளிம்பு பட்டுப் பட்டு நீலம் பாரித்தது. ஆனால் அந்த வாரத்தில்தான் எனக்குப் புரிந்தது, வண்டி பள்ளத்தில் இறங்கும்போது குண்டைக் கையில் வைத்திருப்பவனுக்கு ரெண்டு வினாடி கூடும், டிரைவர் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னால் அது குறையும் என்று. கமாண்டர் இலக்கைச் சொல்லும் குரலிலேயே லோடருக்குக் குண்டு எது என்று தெரிந்துவிட வேண்டும் என்று. இதில் காலிக் கூடு பறப்பதே இல்லை, கூடு எரிந்து போய்விடும், அடியில் உள்ள இரும்புக் கிண்ணம் மட்டும் புகையோடு விழும், சூடு ஆறாத அந்தக் கிண்ணங்களுக்கு நடுவே கால் வைக்கத் தெரிய வேண்டும் என்று. எட்டாவது நாள் என் இடத்துக்குத் திரும்பியபோது நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். பையனின் குரலுக்குக் காத்திருந்தேன். அதற்குப் பிறகு ஒரு முறைகூட முந்தவில்லை.

ஊர் திரும்பிய பிறகு இன்னொரு பக்கம் ஆரம்பித்தது. 15 டன் வண்டிக்குக் கட்டிய தீவு... இல்லை, தீவு என்பது மிகை, எங்கள் உலகம் என்று சொல்கிறேன். கொட்டகையின் கதவு, கழுவும் மேடை, தூக்கும் ஜாக்கி, இழுவைக் கயிறு, டிரெய்லர், பயிற்சித் திடலின் சின்னப் பாலம், ஒவ்வொன்றுக்கும் புதுக் கணக்கு. லெப்பர்ட்டின் அகலம் 3.7 மீட்டர், பழைய வண்டி திரும்பிய மூலையில் இது திரும்பாது. பழுதாகி நின்றால் இழுத்துவர இதே உடம்பில் கட்டிய மீட்பு வண்டி தேவை, பள்ளம் தாண்டப் பாலம் போடும் வண்டி தேவை. சிங்கப்பூரிலோ முழு வீச்சில் ஓடிச் சுடுவதற்கு இடம் கிடையாது, 700 சதுர கிலோமீட்டரை ஒட்டிய நாட்டில் எங்கே போவது? அதனால்தான் இன்றைக்கும் பெரிய பயிற்சிகளை ஜெர்மனியிலும் ஆஸ்திரேலியாவிலும் வைக்கிறார்கள். டாங்கி வாங்குவது பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும் என்பது என் ஆசை. வண்டியின் விலை ஒரு முறை கொடுப்பது. மற்றது வருடா வருடம்.

இன்னொன்று, எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் ரெண்டு வருடத் தேசிய சேவைக்கு வரும் பையன்கள். நல்ல லோடராக ஆகி வரும்போது அவன் வீட்டுக்குப் போகும் நாள் வந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. நான் பயிற்றுநரானதும் செய்த ஒரே மாற்றம், எந்தக் கமாண்டர் வந்தாலும் முதல் வாரம் லோடர் இடத்தில் நிற்க வைத்தேன். முணுமுணுத்தார்கள். நின்றார்கள்.

பழைய வண்டிகளைப் படிப்படியாக எடுத்தார்கள். என் வண்டியை ஒப்படைத்த அன்று கருவிப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஸ்பேனராக எண்ணிக் கொடுத்தோம், ஒரு கிரீஸ் கன் மட்டும் குறைந்தது, டிரைவர் சீட்டுக்கு அடியில் கிடைத்தது. என்சிக் அண்ணன் வந்து டரட்டின் மேல் கை வைத்துவிட்டுப் போனார். எனக்கும் ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது, ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய தாள் நிறைய இருந்தது.

அன்றிரவு அப்பாவைப் பார்க்கப் போனேன். பழைய வண்டி போய்விட்டது என்றதும் கொஞ்ச நேரம் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் புதுசு எவ்வளவு கனம் என்று கேட்டார். சொன்னேன்.

"அம்பத்தஞ்சு டன்னா? பாடாங் பக்கத்து ரோடு தாங்குமாடா?"

"டிராக்கில ரப்பர் கட்டை இருக்குப்பா. தாங்கும்."

"உள்ள எத்தனை பேரு?"

"நாலு பேரு."

"முன்னாடி மூணு பேருதானே?" என்றார். நாற்பது வருடமாக அதையும் நினைவில் வைத்திருந்திருக்கிறார். அப்புறம் அந்த நாலாவது ஆள் என்ன செய்வான் என்று கேட்டார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா ரெண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்.