ஏரி இல்லாத ஏரிக்கரை

கேம்பிரிட்ஜ் பக்கம் புதிதாகக் குடிவந்த நம்மாட்கள் ரீச் கிராமத்துக்குப் போனால் கண் ஏமாறும். வயல்வெளி நடுவே நெடுக ஒரு கரை, உச்சியில் ஒற்றையடிப் பாதை. ஏறி நின்றதும் கண் தானாகத் தண்ணீரைத் தேடும். தண்ணீர் இல்லை. மதகு, கலிங்கு, பனை, ஐயனார் எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் வயல்தான்.

டெவில்ஸ் டைக் என்கிறார்கள். ஆளைத் தடுக்கப் போட்ட கரை. ரோமானியர் போனபின், 5ஆம் நூற்றாண்டுக்கும் 7ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் எழுந்தது. ரீச்சிலிருந்து வுட்டிட்டன் வரை சுமார் 12 கிலோமீட்டர். வடக்கு முனையில் அன்று சதுப்பு, தெற்கு முனையில் களிமண் காடு. நடுவே சுண்ணாம்புத் திறந்தவெளி. இக்னீல்ட் வே என்ற பழம்பாதை போனது அதன் வழியாகத்தான். அந்த வழியை மண்ணால் அடைத்தார்கள்.

யாரை யார் தடுத்தார்கள்? பள்ளத்தைப் பாருங்கள். நம்மூரில் கரைக்கு மண் ஏரிக்குள்ளிருந்தே வரும். பள்ளம் தண்ணீர்ப் பக்கம். இங்கே பள்ளம் தென்மேற்கில், வெட்டிய மண் வடகிழக்கில். ஆகவே காவல் வடகிழக்கே இருந்த கிழக்கு ஆங்கிலியா என்ற பகுதிக்கு. சில இடங்களில் பள்ளத்தின் அடியிலிருந்து உச்சி வரை சுமார் 10 மீட்டர். புதிதாக வெட்டியபோது அது வெள்ளைவெளேரென்ற சுண்ணாம்புச் சரிவு, கால் பிடிக்காது. இன்றும் மழை விட்டவுடன் ஏறாதீர்கள், வழுக்கும்.

இந்தக் கரைக்கு எமன் முட்புதர். மேய்ச்சல் நின்றால் ஹாதார்ன் மூடிக்கொள்ளும், நிழலில் புல் சாகும், புல் போன சரிவு மழையில் கரையும். முயல் வளை வேறு. எலி வளை விழுந்த வரப்பு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியுமே. முள்ளை வெட்டிவிட்டுச் செம்மறியை மேயவிடுவதுதான் சரியான வைத்தியம். அப்படி மேய்ந்த சரிவில்தான் வசந்தத்தில் ஊதா நிற பாஸ்க் பூ தலைகாட்டும். மண்வெட்டி, மெட்டல் டிடெக்டரோடு மட்டும் போய்விடாதீர்கள். 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியில்லாமல் தோண்டினாலும் டிடெக்டர் வைத்துத் தேடினாலும் குற்றம்.

இந்தக் கரையெல்லாம் பழகிப்போகும். ஆனால் மே மாதம் ரீச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். 1201இல் ஜான் அரசர் சாசனம் கொடுத்த சந்தை. கரையின் வடமுனை முடியும் புல்வெளியில் கூடுகிறது. கேம்பிரிட்ஜ் மேயர் வந்து பிள்ளைகளுக்குக் காசை வாரி இறைப்பார். ஊர்த் திருவிழாவில் சூறை விடும்போது முண்டியடித்த அதே கைகள், அதே கூச்சல்.