காசிமேடு: தடைக்காலமும் நான்கு குட்டிகளும்

ஏப்ரல் 20, ஞாயிறு

மீன்பிடித் தடைக்காலம் 15-ஆம் தேதி தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை, 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் கழிவை நம்பி வாழும் துறைமுகத்து நாய்களுக்கு இது பட்டினிக் காலம். ஃபைபர் படகுகள் கொண்டுவரும் கொஞ்ச மீனில் அவற்றுக்கு எதுவும் மிஞ்சாது. மீன் வெட்டும் ஆயா ஒருவர், தனக்கே வேலை குறைந்துபோன இந்த நேரத்திலும், மீன் தலையை வேகவைத்துச் சோற்றில் பிசைந்து கொண்டுவருகிறார். "நம்பளாவது கடன் வாங்கி சாப்புடுவோம், அதுங்க யார்கிட்டமா கேக்கும்?" என்றார்.

பழைய வலைக் குவியலுக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டியதும் அவர்தான். நான்கு குட்டிகள், ஒரு மாதம் இருக்கும். இரண்டு ஆண், இரண்டு பெண். உடனே தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றான் கூட வந்த தம்பி. தாய் பால் கொடுக்கும்போது பிரிக்கக் கூடாது, எட்டு வாரமாவது ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன். இப்போதைக்குத் தாய்க்கு வயிறு நிறையச் சாப்பாடு, குட்டிகளுக்குப் பூச்சி மருந்து.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். வலைக்கு மேலே தார்ப்பாய் கட்டினோம். தண்ணீர்த் தொட்டியை நிரப்பும் பொறுப்பைப் பக்கத்து டீக்கடைக்காரர் எடுத்துக்கொண்டார்.

மே 11, ஞாயிறு

குட்டிகளுக்கு முதல் தடுப்பூசி போட்டாயிற்று. ஆட்டோ அண்ணன் காசு வாங்கவே இல்லை. எனக்கு எப்போதும் பயம் பார்வோ என்ற வைரஸ் நோய்தான். வாந்தி, ரத்தப்பேதி என்று தொடங்கினால் ஓரிரு நாளில் குட்டியைக் கொண்டுபோய்விடும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். அதனால்தான் அண்மையில் பார்வோவில் குட்டி இறந்த வீட்டுக்கு இன்னொரு குட்டியைக் கொடுப்பதில்லை. கேட்பவர்கள் வருத்தப்படுகிறார்கள், ஆனாலும் முடியாது.

மே 25, ஞாயிறு

தண்டையார்பேட்டையில் தத்து முகாம். தெருமுனையில் ஒரு ஷாமியானா, இரண்டு மேசை, அவ்வளவுதான். ஆண் குட்டிகள் இரண்டுக்கும் காலையிலேயே வீடு கிடைத்துவிட்டது. பெண் குட்டிகளை ஆசையாகத் தூக்குகிறார்கள், கொஞ்சுகிறார்கள், அப்புறம் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே விடுகிறார்கள். "பொட்டையாக்கா? வேணாம்க்கா, குட்டி போட்டுக்கினே இருக்கும்."

ஒவ்வொரு முகாமிலும் இதைக் கேட்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு வலிக்கிறது. தெருவில் கொண்டுவந்து போடப்படும் குட்டிகளில் பெண்களே அதிகமாக எங்கள் கையில் கிடைப்பதும் இதனால்தான். ஆறு மாதம் ஆனதும் கருத்தடை செய்துவிட்டால் அந்தப் பயமே இல்லை. கூட வந்து செய்துவைக்கிறோம் என்று ஒருவர் விடாமல் சொன்னோம்.

மதியத்துக்கு மேல் வியாசர்பாடியிலிருந்து ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள்: என்ன சாப்பாடு, அடுத்த ஊசி எப்போது, ஊருக்குப் போனால் யார் பார்ப்பது. அம்மா கடைசியில், "பொண்ணே குடுங்க, எங்க வீட்ல எல்லாம் பொண்ணுங்கதான்" என்றார். மாலையே வீட்டைப் பார்க்கப் போனோம். மூன்றாவது மாடி. பால்கனிக்கு வலை கட்டச் சொன்னோம், அங்கேயே ஆள் சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

நள்ளிரவோடு தடை முடிந்தது. தாய் நாயை இந்த வாரம் மாநகராட்சியின் கருத்தடை மையத்துக்கு அனுப்புகிறோம். "அப்படியே வேற எங்கயாவது வுட்டுடுங்க" என்று சிலர் கேட்டார்கள். தெருநாய்க் கருத்தடைக்கான மத்திய அரசின் 2023 விதிகளின்படி பிடித்த இடத்திலேயேதான் திருப்பி விடவேண்டும். அதுவே சரி என்றும் நினைக்கிறேன். ஊசி போட்டு, காதில் அடையாளத்தோடு திரும்பும் நாய் அங்கே இருந்தால் புது நாய்கள் அவ்வளவு எளிதில் உள்ளே வராது. ஆயாவிடம் விளக்கினேன். திரும்பி வந்ததும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

இன்னொரு பெண் குட்டி இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறாள். பழுப்பு நிறம், வெள்ளைப் பாதம், குழந்தைகளோடு நன்றாகப் பழகுகிறாள். வெறிநாய்த் தடுப்பூசி இந்த வாரம். வடசென்னைக்குள் வீடு இருந்தால் சொல்லுங்கள், கருத்தடைச் செலவு எங்களுடையது. வாடகை வீடு என்றால் ஓனரிடம் முதலில் பேசிவிட்டு வாருங்கள்.