கேள்வியில் இருந்த ஒரு சொல்லை நான் படிக்கவே இல்லை

யுபிஎஸ்சி மெயின்ஸ் இரண்டு முறை எழுதியிருக்கிறேன், இரண்டும் தமிழில். கலெக்டர் ஆகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது குரூப் 2 மூலம் கிடைத்த வேலையில் இருக்கிறேன். ஆனால் முதல் முறைக்கும் இரண்டாவது முறைக்கும் இடையில் பொது அறிவு முதல் தாளில் எனக்கு 26 மதிப்பெண் கூடியது. எந்தப் பகுதியில் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட மாட்டார்கள், இருந்தாலும் அந்த ஒரு வருடத்தில் நான் மாற்றியது நவீன இந்திய வரலாற்றுக்குப் பதில் எழுதும் விதத்தை மட்டும்தான், மற்றதெல்லாம் பழைய குறிப்புகளேதான் என்பதால் காரணம் அதுதான் என்று நம்புகிறேன்.

முதல் முறை என்ன நடந்தது என்றால், எனக்கு வரலாறு நன்றாகத் தெரியும் என்ற நினைப்பு இருந்தது. சிம்மக்கல் மைய நூலகத்தில் காலையில் போய் உட்கார்ந்தால் மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கத்தான் எழுந்திருப்பேன். பிளாசி முதல் மவுண்ட்பேட்டன் திட்டம் வரை தேதியோடு சொல்வேன். தேர்வு அறையில் முதல் ஐந்து கேள்விகளுக்கு ஆளுக்குக் கால் மணி நேரம் கொடுத்துவிட்டேன், தெரிந்த கேள்வி ஆயிற்றே, விட மனசு வரவில்லை. 3 மணி நேரத்தில் 20 கேள்வி. கடைசியில் நான்கு கேள்விகளுக்கான பக்கங்கள் வெள்ளையாகவே போயின. எழுதிய பதில்களுக்காவது நல்ல மார்க் வரும் என்று நினைத்தேன், அதுவும் வரவில்லை.

எங்கள் செல்லூர் தெருவில் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அடுத்த முறைக்குத் தயாரானபோது பயிற்சியாக எழுதிய தாளை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். 2022 தாளில் வந்த கேள்வி அது: கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பெரும்பாலும் இந்தியச் சிப்பாய்கள்தான் இருந்தார்கள், அப்படியிருந்தும் எண்ணிக்கையிலும் ஆயுதத்திலும் மேலாக இருந்த இந்திய ஆட்சியாளர்களின் படைகளை அது தொடர்ந்து வென்றது ஏன், காரணங்கள் தருக. 10 மார்க், 150 வார்த்தை. நான் பிளாசி, பக்சார், மைசூர்ப் போர்கள் நான்கு, மராத்தியப் போர்கள் மூன்று, சீக்கியப் போர்கள் இரண்டு என்று வரிசையாக ஆண்டுகளோடு எழுதி, கடைசி இரண்டு வரியில் ஆங்கிலேயரிடம் சிறந்த பயிற்சியும் ஒற்றுமையும் இருந்தன என்று முடித்திருந்தேன்.

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏப்பா, கேள்வி என்னன்னு உன் வார்த்தையில சொல்லு."

"கம்பெனிப் படை எப்படி ஜெயிச்சதுன்னு சார்."

"அது எங்க இருக்கு இதுல? ஏன்னு கேட்டிருக்கான். நீ எப்பன்னு சொல்லியிருக்க."

அதோடு விடவில்லை. கேள்வியிலேயே பென்சிலால் மூன்று இடத்தில் வட்டம் போட்டார். பெரும்பாலும் இந்தியச் சிப்பாய்கள், எண்ணிக்கையிலும் ஆயுதத்திலும் மேலான, தொடர்ந்து. இந்த மூன்றுக்கும் உன் பதிலில் எங்கே பதில் இருக்கிறது என்றார். மூன்றாவது வட்டத்தில் இருந்த 'தொடர்ந்து' என்ற சொல்லை நான் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் யோசித்தேன். தொடர்ந்து வென்றார்களா என்ன? முதல் மைசூர்ப் போரில் ஹைதர் அலி சென்னை வாசல் வரை வந்து 1769-இல் உடன்படிக்கை எழுத வைத்தார். 1779-இல் வட்கானில் மராத்தியரிடம் மாட்டிக்கொண்டு ஒப்பந்தம் போட்டார்கள். 1780-இல் காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில் மைசூர்ப் படையிடம் செம அடி. ஆக, சண்டைகளில் தோற்றிருக்கிறார்கள், ஆனால் போரைக் கடைசி வரை நடத்தும் தெம்பு அவர்களிடம் இருந்தது. அந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது? 1765-இல் வங்காளத்தின் திவானி, அதாவது வரி வசூலிக்கும் உரிமை, கைக்கு வந்த பிறகு சிப்பாய்க்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்க முடிந்தது. எதிரே இருந்த படைகளில் பலவற்றில் சம்பள பாக்கி. இதை எழுதும்போதே அந்த முதல் வட்டத்துக்கும் பதில் வந்துவிடுகிறது: சிப்பாய் இந்தியன்தான், ஆனால் அவனை நிறுத்தி வைத்தது மாதச் சம்பளமும் கவாத்தும் பீரங்கியோடு சேர்ந்து நகரும் பயிற்சியும்.

"மதுரைக்காரன் நீ, கான்சாகிபை விட்டுட்டியே" என்றும் சொன்னார். சம்மட்டிபுரத்தில் கான்சாகிப் அடக்கமான தர்கா இருக்கிறது, சின்ன வயதில் அந்தப் பக்கம் சைக்கிளில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். யூசுப்கான் என்கிற இந்தக் கான்சாகிப் கம்பெனியின் சிப்பாய்ப் படையில் தளபதியாக வளர்ந்து, பாளையக்காரர்களை அடக்கி, மதுரையை ஆண்டு, பிறகு கம்பெனியையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்து நின்று, சொந்த ஆட்களே காட்டிக்கொடுத்து, 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டவர். அதே அக்டோபரில்தான் பக்சார் போரும். கம்பெனி வளர்த்த ஆள், கம்பெனி சொல்லிக்கொடுத்த போர்முறை, உள்ளே இருந்து வந்த துரோகம், மூன்றும் ஒரே மனிதரில் இருக்கின்றன. பதிலில் இவருக்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்தேன். கதையாகச் சொல்ல ஆரம்பித்தால் 150 வார்த்தையும் அவரே எடுத்துக்கொள்வார்.

அன்றிலிருந்து நான் செய்தது இதுதான். எந்தக் கேள்வி எடுத்தாலும் முதலில் அதில் வட்டம் போடுவேன். பிறகு அதற்கு ஒரே வரியில், வீட்டில் அம்மா கேட்டால் சொல்வதுபோல, பதில் எழுதுவேன். அந்த வரி வராமல் பேனாவைத் தாளில் வைப்பதில்லை. வரவில்லை என்றால் எனக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்கிறது, பதில் தெரியவில்லை என்று அர்த்தம்.

அதே 2022 தாளில் இன்னொரு கேள்வி: பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து காலனி இந்தியாவில் பஞ்சங்கள் திடீரென்று அதிகரித்தது ஏன்? மழை பொய்த்தது என்று ஆரம்பிக்கத்தான் கை போகும். ஆனால் வட்டம் போட்டுப் பாருங்கள், 'திடீரென்று' என்றும் 'நடுவிலிருந்து' என்றும் இருக்கிறது. மழை அதற்கு முன்னாலும் பொய்த்திருக்கிறது. அப்படியானால் புதிதாக என்ன வந்தது என்பதுதான் கேள்வி. விளைந்தாலும் விளையாவிட்டாலும் பணமாகக் கட்ட வேண்டிய நிலவரி, உணவுப் பயிர் இருந்த இடத்தில் பருத்தி, அவுரி, அபினி, தறியை இழந்து நிலத்தை நம்பி வந்த நெசவாளர்கள், பஞ்சத்திலும் சந்தையில் தலையிடக் கூடாது என்ற கொள்கை. 1770 வங்காளம், 1876-78 சென்னை மாகாணம், 1943 மறுபடி வங்காளம். எங்கள் பாட்டி 'தாது வருசப் பஞ்சம்' என்று சொல்வது இந்த நடுவில் உள்ளதைத்தான், பதிலில் அந்தப் பெயரையே போட்டேன். அந்தப் பஞ்சம் நடந்த நேரத்திலும் இந்தியாவிலிருந்து கோதுமை கப்பலேறியது. நிவாரண வேலைக்கு வந்த ஆண்களுக்கு ரிச்சர்ட் டெம்பிள் என்ற ஆங்கிலேய அதிகாரி நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும் என்று கூலியைக் குறைத்தார். 1880-இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை, 1883-இல் பஞ்ச விதித்தொகுப்பு. இவ்வளவு போதும். பெரியாறு அணையையும் 1895-ஐயும் எழுதக் கை துறுதுறுத்தது, வைகையில் தண்ணீர் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த ஆசை வரத்தான் செய்யும், ஆனால் கேள்வி பஞ்சம் ஏன் வந்தது என்பது, பிறகு என்ன கட்டினார்கள் என்பதில்லை.

ஊர்ப்பாசம் பற்றி இன்னொன்று. எங்களோடு படித்த அக்கா ஒருவர் உசிலம்பட்டிக்காரர். நான் எந்தப் பதில் எழுதினாலும் 1921-இல் காந்தி மேலமாசி வீதியில் அரையாடைக்கு மாறியதைக் கொண்டுவந்து சொருகுவேன். அவர் ஒருநாள் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, எங்க ஊருக்குப் பக்கத்துலதான் பெருங்காமநல்லூர். 1920-ல 16 பேரச் சுட்டுக் கொன்னாங்க. நான் அத எல்லாப் பதில்லயுமா எழுதுறேன்? குற்றப் பரம்பரைச் சட்டத்தப் பத்திக் கேட்டா எழுதுவேன்." அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டேன். அரையாடை நிகழ்ச்சி அந்நியத் துணி பகிஷ்காரத்தில் ஏழைகளின் சிரமம் என்ன, காந்தி எப்படி மக்களிடம் நெருங்கினார் என்று கேட்டால் அருமையான சான்று. ரௌலட் சட்டத்துக்கு அது எதற்கு?

நேரக் கணக்கு சுலபம். 10 மார்க் கேள்விகள் பத்து, 15 மார்க் கேள்விகள் பத்து. சின்னதுக்கு 7 நிமிடம், பெரியதுக்கு 11 நிமிடம், சரியாக 180 வந்துவிடும். போனில் டைமர் வைத்து, சின்னதுக்கு இரண்டு பக்கம் பெரியதுக்கு மூன்று பக்கம் என்று வெள்ளைத்தாளை பின் அடித்து வைத்து எழுதிப் பழகினேன். முதல் வாரம் ஒரு பதிலும் முடியவில்லை. மணி அடித்ததும் வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்த வேண்டும், அதுதான் கஷ்டம், ஆனால் நிறுத்திப் பழகினால்தான் எங்கே வீணாக்கினோம் என்று தெரியும். எனக்கு முன்னுரையில்தான் வீணானது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. பதிலைத் தமிழில் எழுதலாம், வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும். அதனால் டிஸ்கஸ், எலுசிடேட், கிரிட்டிக்கலி எக்ஸாமின், டு வாட் எக்ஸ்டென்ட் எல்லாம் ஒன்றுதான் என்று கடந்துவிடக் கூடாது. டு வாட் எக்ஸ்டென்ட் என்றால் அளவு சொல்லியாக வேண்டும். காங்கிரஸின் ஆரம்பகாலத் தலைவர்களான மிதவாதிகள் பரந்த விடுதலைப் போராட்டத்துக்கு எவ்வளவு தூரம் அடித்தளம் போட்டார்கள் என்று 2021-இல் கேட்டார்கள். செல்வம் வெளியேறுவதை நௌரோஜி கணக்குப் போட்டுக் காட்டியது அடித்தளம்தான், ஆனால் தெருவில் கூட்டத்தைத் திரட்டும் வேலையை அவர்கள் செய்யவில்லை என்று 'இவ்வளவு தூரம், இதற்கு மேல் இல்லை' என்று கோடு கிழிக்க வேண்டும். கிரிட்டிக்கலி எக்ஸாமின் என்றால் திட்டுவது இல்லை, இரண்டு பக்கமும் எடைபோட்டு ஒரு முடிவுக்கு வருவது.

கலைச்சொற்களுக்குப் பள்ளிப் பாடநூலின் தமிழ்வழிப் பதிப்பே போதும், பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு வரலாறு. ரயத்வாரி, திவானி போன்றவற்றை அப்படியே எழுதலாம், வலிந்து மொழிபெயர்த்தால் திருத்துகிறவர் நின்று யோசிப்பார். தமிழில் ஒட்டிச் சேர்த்து எழுதுவதால் 150 வார்த்தைக்குள் ஆங்கிலத்தைவிட அதிக விஷயம் அடங்கும், இந்த ஒரு சலுகை நமக்கு உண்டு.

இரண்டாவது முறை சென்னையில் தேர்வு அறையில் வினாத்தாள் கைக்கு வந்ததும் முதலில் வரலாற்றுக் கேள்விகளில் எல்லாம் பென்சிலால் வட்டம் போட்டேன். பக்கத்து மேசைக்காரர் அதற்குள் அரைப் பக்கம் எழுதிவிட்டார். அவர் பக்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டபோது கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த முறை மணி அடித்தபோது இருபதாவது பதிலின் கடைசி வரியில் இருந்தேன்.