எந்த அக்கவுன்ட்டில் இருக்கிறோம்? டெர்மினலிலேயே பார்த்துவிடலாம்

டெவ் (உருவாக்க), ஸ்டேஜிங் (சோதிக்க), ப்ராட் (நிஜப் பயன்பாட்டுக்கு) என்று பல ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) அக்கவுன்ட்டுகளை ஒரே லேப்டாப்பில் வைத்து வேலை செய்பவர்கள், எதையாவது டெலீட் செய்வதற்கு முன் கட்டாயம் அடிக்க வேண்டிய கமாண்ட் இது: ‘ஏடபிள்யூஎஸ் எஸ்டிஎஸ் கெட்-காலர்-ஐடென்டிட்டி’. இதற்குத் தனி பெர்மிஷன் எதுவும் வேண்டாம். அட்மின் பாலிசி போட்டுத் தடுத்திருந்தாலும் பதில் வரும்.

யூசர் ஐடி, அக்கவுன்ட், ஏஆர்என் (நாம் யாராக உள்ளே இருக்கிறோம் என்று காட்டும் முழுப் பெயர்) என மூன்று விவரம் கிடைக்கும். பலர் 12 இலக்க அக்கவுன்ட் எண்ணைப் பார்த்ததோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கு ஏஆர்என்தான் முக்கியம். அதில் ‘யூசர்’ என்று இருந்தால் ஐஏஎம் யூசர், அதாவது அக்கவுன்ட்டுக்குள் உருவாக்கப்பட்ட பயனர். ‘அஸ்யூம்டு-ரோல்’ என்றால் தற்காலிகமாக ஏற்றுக்கொண்ட ரோலின் பெயரும் அதை அடுத்து செஷன் பெயரும் இருக்கும். ‘ரூட்’ (அக்கவுன்ட்டின் முழு அதிகாரமும் உள்ள முதன்மை யூசர்) என்று முடிந்தால் மற்ற வேலையை நிறுத்துங்கள். ரூட்டுக்கு ஆக்சஸ் கீ (டெர்மினலிலிருந்து நுழைவதற்கான சாவி) இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதை முதலில் நீக்குங்கள்.

ப்ரொஃபைலை (ஒரு பெயரில் சேமித்து வைத்த லாகின் செட்டிங்கை) மாற்றிய பிறகும் பழைய அக்கவுன்ட்டே வருகிறதா? ‘ஏடபிள்யூஎஸ் கன்ஃபிகர் லிஸ்ட்’ அடியுங்கள். ஆக்சஸ் கீயின் கடைசி 4 எழுத்துகளும், அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதும் தெரியும். அங்கே ‘என்வ்’ (என்விரான்மென்ட் வேரியபிள்) என்று இருந்தால், எப்போதோ எக்ஸ்போர்ட் செய்த கீ அந்த ஷெல்லில் இன்னும் இருக்கிறது. ப்ரொஃபைலை என்விரான்மென்ட் வேரியபிளாகக் கொடுத்தால் இந்தக் கீதான் ஜெயிக்கும். கமாண்டிலேயே ‘ப்ரொஃபைல்’ ஆப்ஷனாகக் கொடுத்தால் ப்ரொஃபைல் ஜெயிக்கும்.

அந்தப் பழைய கீயை ஷெல்லிலிருந்து அன்செட் செய்யும்போது ஆக்சஸ் கீ ஐடி, சீக்ரெட் கீ, செஷன் டோக்கன் (தற்காலிகக் கீயோடு வருவது) மூன்றையும் எடுத்துவிடுங்கள். டோக்கனை மறந்துவிட்டுப் புதிய நிரந்தரக் கீயைப் போட்டால் ‘இன்வேலிட் கிளையன்ட் டோக்கன் ஐடி’ என்று எரர் வரும். கீ சரியாகத்தான் இருக்கும். ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய டோக்கன்தான் காரணம்.

ஸ்கிரிப்ட்டில் சேர்ப்பதானால் ‘குவெரி’ ஆப்ஷனில் அக்கவுன்ட், ‘அவுட்புட்’ ஆப்ஷனில் டெக்ஸ்ட் கொடுத்தால் எண் மட்டும் வரும். எதிர்பார்த்த எண்ணோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் எக்ஸிட் 1. இரண்டையும் ஸ்ட்ரிங்காகவே ஒப்பிடுங்கள். அக்கவுன்ட் எண் 0-வில் தொடங்கலாம்; எக்செல் ஷீட்டில் ஒருமுறை போய்வந்தாலே அந்த 0 காணாமல் போய்விடும்.

எண் மட்டும் கையில் இருந்து, அக்கவுன்ட் பெயர் வேண்டுமென்றால் ‘ஏடபிள்யூஎஸ் ஆர்கனைசேஷன்ஸ் டிஸ்கிரைப்-அக்கவுன்ட்’. பெயர், ஈமெயில் எல்லாம் வரும். ஆனால் நிறுவனத்தின் எல்லா அக்கவுன்ட்டுகளையும் நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட் அக்கவுன்ட்டிலிருந்தோ, அந்தப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட அக்கவுன்ட்டிலிருந்தோ அடித்தால்தான். மற்ற இடங்களில் ‘ஆக்சஸ் டினைடு’.