கடைத்தெருவைப் பதிவு செய்யும்போது

ஒரு கடைத்தெரு வருடா வருடம் எப்படி மாறுகிறது என்று படமும் குறிப்புமாகச் சேர்த்துவைக்கிறீர்களா? பெயர்ப்பலகை அப்படியே இருக்கும்; உள்ளே வியாபாரம் மாறிப்போயிருக்கும். அதனால் பலகையை மட்டும் படம் எடுத்தால் போதாது. கதவு எண்ணையும் விற்கும் பொருளையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். எண்களையும் அவ்வப்போது மாற்றுவார்கள் என்பதால் பழையது, புதியது இரண்டும் வேண்டும்.

வருடத்துக்கு ஒருமுறை, அதே இடத்தில் நின்று, அதே நேரத்தில் எடுங்கள். மூடிய ஷட்டரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வார விடுமுறையாகக்கூட இருக்கலாம். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால், படத்துக்குள் பதிந்திருக்கும் தேதி விவரம் போய்விடும். மூலக் கோப்பையே கேட்டு வாங்குங்கள்.

உணவகத்தில் விலைப்பலகைதான் பொக்கிஷம். கைவேலை அதிகம் பிடிக்கிற, அன்றன்றே விற்றுத் தீரவேண்டிய பண்டங்கள்தான் பெரும்பாலும் முதலில் காணாமல் போகும். ஏன் நிறுத்தினார்கள் என்று முதலாளியிடம் மட்டும் கேட்காதீர்கள், அடுப்படியில் நிற்பவரிடமும் கேளுங்கள். கை பழகிய ஒருவர் வேலையை விட்டதுதான் காரணம் என்றால், அது அங்கேதான் தெரியவரும்.

"எந்த வருஷம் ஆரம்பிச்சீங்க?" என்றால் உத்தேசமான பதில்தான் கிடைக்கும். "மூத்த பொண்ணு பிறந்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேளுங்கள், நினைவு நெருங்கி வரும். பலகையில் எழுதிய ஆண்டு, தாத்தா வேறெங்கோ வேறு தொழில் தொடங்கிய ஆண்டாகவும் இருக்கலாம். பழைய பில் புத்தகம், உரிமம், வாடகை ஒப்பந்தம் காட்டினால் அனுமதி வாங்கிப் படமெடுத்து வையுங்கள்.

தெருவே சேர்ந்து நடத்தும் விழாக்களில் செலவை யார் ஏற்கிறார்கள் என்று ஆண்டுதோறும் எழுதுங்கள். கொடுப்பவர் கடையைக் காலி செய்தால் அடுத்த ஆண்டே விழா சுருங்கிவிடலாம்.