சேவையரை இரண்டு தரம் கூப்பிட்ட கதை

வீடு கட்டக் கடன் எடுக்கப் போன இடத்தில் முதல் கேள்வியே காணியை அளந்து கீறின பிளான் இருக்கா என்பதுதான். எங்களிடம் இருந்தது அம்மாவின் காணி உறுதி, அதாவது பத்திரம் மட்டும், அதுவும் அசல் 2004 சுனாமியில் மட்டக்களப்பு கல்லடி வீட்டோடு போய்விட்டது, கையில் இருந்தது பிறகு காணிப் பதிவகத்தில் எடுத்த பிரதி. அதில் பிளான் இலக்கம் எதுவும் கிடையாது. வடக்கே இன்னாரின் வளவு, கிழக்கே இன்னாரின் வளவு, மேற்கே ஒழுங்கை, வடக்குத் தெற்கு 20 பாகம், கிழக்கு மேற்கு 10 பாகம், அவ்வளவுதான். ஒரு பாகம் ஆறு அடி என்று கணக்குப் போட்டால் 7200 சதுர அடி வருகிறது. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, ஆக 26.45 பேர்ச்.

சரி, காணி அளக்கிற சேவையரைப் பிடித்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். தெரிந்த ஒருவர் மூலம் ஒருவர் வந்தார். "எதுக்குப் பிளான்?" என்று கேட்டார், "வங்கிக்கு" என்றேன். நான் விட்ட பிழை அங்கேதான். அவர் வேலிக்கு வேலி அளந்து, கையில் இருக்கும் நிலத்தை அப்படியே கீறித் தந்துவிட்டார். 24.8 பேர்ச். அவர் செய்தது பிழையில்லை, அதுவும் ஒரு வகை அளவைதான், ஆட்சியில் இருப்பதைக் காட்டும் படம். ஆனால் வங்கி லோயர் உறுதியையும் பிளானையும் பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டார். 1.65 பேர்ச் எங்கே போனது? வளவு முழுக்க அம்மா பேரில் கிடக்கிறது, உங்கள் பங்கு எது? கட்டின காசு போச்சு.

1.65 பேர்ச் எங்கே போனது என்று எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கிழக்கு வேலி மாமி. சுனாமிக்குப் பிறகு வேலிக் கதியால் தடியெல்லாம் புதிதாக நட்டபோது அவர் தள்ளி நட்டுவிட்டார் என்று அம்மா சாகும்வரை சொன்னார். நாங்களும் மாமியோடு கதைத்து வருடக்கணக்காகிவிட்டது. 120 அடி நீளத்துக்கு 1.65 பேர்ச் என்றால் மூன்றே முக்கால் அடி அகலம், நாடாவை வைத்து நானே அளந்து பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். போனில் ஜிபிஎஸ் ஆப் போட்டும் நடந்து பார்த்தேன், சும்மா. போன் ஜிபிஎஸ் சில மீற்றர் பிசகும், அதை வைத்து அடிக்கணக்கில் சண்டை பிடிக்க முடியாது.

இரண்டாவதாக வந்த சேவையர் சேர் வயதானவர். இந்த வருடத்து லைசன்ஸ் இருக்கா என்று நான் கேட்டதற்குக் கோபப்படாமல் எடுத்துக் காட்டினார் (கேளுங்கள், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய ஒன்று). உடனே அளக்கவும் இல்லை, கதிரையில் இருந்து உறுதியை வாசித்துவிட்டு, "மகள், உங்களுக்கு ரெண்டு வேலை கிடக்கு. முதல்ல பழைய எல்லையைக் கண்டுபிடிக்கணும், மறுகாதான் பிரிக்கலாம்" என்றார். பழைய பிளானும் கல்லும் இருந்தால் எல்லையை மீளக் காட்டுவது லேசான வேலையாம். எங்களுக்கு அது இல்லை. அடுத்த வளவுக்காரரிடம் பிளான் இருந்தால் அதில் எங்கள் பொது எல்லையும் இருக்கும் என்றவர், மாமியின் வீட்டைக் கையால் காட்டினார்.

நான் போகவில்லை, அக்காதான் போனா. மாமி பிளாஸ்ரிக் பைக்குள் சுற்றி வைத்திருந்த ஒரு படத்தைக் கொண்டுவந்தார், மகளுக்குச் சீதனம் எழுதும்போது கீறினதாம், மடிப்பெல்லாம் கிழிந்து ஒட்டுப்போட்டது. சேர் ரோட்டல் ஸ்டேஷன் என்கிற அளக்கும் கருவியை ஒழுங்கை மூலையில் நிறுத்தினார், உதவிக்கு வந்த பொடியன் கண்ணாடித் தடியைப் பிடித்துக்கொண்டு அவர் கை காட்டுகிற பக்கமெல்லாம் ஓடினான். கொஞ்ச நேரத்தில் பூவரச மரத்தடியில் ஒரு இடத்தைக் காட்டி "இங்க வெட்டு" என்றார். ஒன்றரை அடி தோண்டியதும் அலவாங்கு டங்கென்றது. மணலுக்குள் எல்லைக் கல், தலையில் வெட்டின குறியோடு.

அது எங்கள் வேலிக்கு அரை அடி உள்ளே, எங்கள் பக்கம் நின்றது. மாமி எங்கள் நிலத்தை எடுக்கவில்லை, நாங்கள்தான் அவருடைய அரை அடியில் வேலி போட்டிருக்கிறோம். யாரும் ஒன்றும் கதைக்கவில்லை. மாமிதான் "தேத்தண்ணி குடிக்கிறீங்களா புள்ள" என்று கேட்டார்.

காணாமல் போன நிலம் மேற்கே, ஒழுங்கையில் கிடந்தது. சுனாமிக்குப் பிறகு லொறி போகவென்று அகலமாக்கியபோது நாலே கால் அடி அளவில் போயிருக்கிறது, அந்த நேரம் வேலி எங்கே, எல்லை எங்கே என்று பார்க்க யாருக்கு மனம் இருந்தது? பாகக் கணக்கே கயிறு பிடித்து அளந்தது, கூடிக் குறையும் என்றும் சேர் சொன்னார். உறுதியில் எல்லை தெளிவாக இருந்தால் அளவைவிட எல்லைக்குத்தான் மதிப்பாம். ஒழுங்கைக்காகச் சண்டை பிடிக்க எங்களுக்குத் தெம்பில்லை.

கடைசியில் வந்தது 24.58 பேர்ச். அதை இரண்டு துண்டாக்கி, லொட் 1 அக்காவுக்கு, லொட் 2 எனக்கு, ஆளுக்கு 12.29. இரண்டுக்கும் ஒழுங்கை முகப்பு இருந்ததால் தனியாகப் பாதை விடத் தேவைப்படவில்லை. பிரிப்புப் பிளானுக்கு மாநகர சபையில் அனுமதி எடுத்து, அதற்குப் பிறகுதான் நொத்தாரிசு உறுதி எழுதினார். நாங்கள் ஒத்துப்போனதால் இப்படி முடிந்தது. ஒத்துப்போகாவிட்டால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின்படி வழக்குப் போட்டு, நீதிமன்றம் அனுப்புகிற சேவையர் அளக்க, வருடக்கணக்கில் இழுபடும்.

இன்னொன்று. இதெல்லாம் உறுதிக் காணிக்கு. திருக்கோவில் பக்கம் மச்சானின் வயல் பெர்மிட் காணி, அரசாங்கத்தின் நிலம். அதற்கு நாங்களாக சேவையர் பிடித்து அளந்து பிரயோசனமில்லை, பிரதேச செயலகம் ஊடாகக் கேட்டு அரச நில அளவையாளர் வர வேண்டும். மச்சான் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார்.

ஒழுங்கை மூலையில் போட்ட புதுக் கல்லை போன கிழமை ஓட்டோ ஒன்று இடித்து ஒரு பக்கம் உடைந்துவிட்டது. நல்லவேளை, கல் நடும்போதே சுவரையும் மரத்தையும் சேர்த்து போட்டோ எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார் சேர். அது எனது போனிலும் இருக்கிறது, மாமியின் மகளின் போனிலும் இருக்கிறது.