நாக்கின் அடியில் ஒரு கல்

முதல் கவளம் வாய்க்குள் போனதும் வலது தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்துக்கொள்ளும். விண்விண்ணென்று தெறிக்கும். ஒரு மணி நேரத்தில் தானாகவே வடிந்துவிடும். நான்கு மாதங்கள் இப்படியே ஓடின. பிறர் பார்க்கிறார்களே என்று தனியாகச் சாப்பிடத் தொடங்கியிருந்தேன். கடைவாய்ப்பல்தான் காரணம் என்று பல் மருத்துவரிடம் போனால், பல்லில் குறையில்லை, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள் என்றார்.

காது மூக்கு தொண்டை மருத்துவரான அம்மா கையுறை அணிந்து, ஒரு விரலை நாக்கின் அடியிலும் மறுகை விரல்களைத் தாடைக்கு வெளியிலும் வைத்து, பின்னாலிருந்து முன்னால் மெதுவாக நீவினார். ஓரிடத்தில் விரல் நின்றது. "இதோ, கல்." ஸ்கேனில் 6 மில்லிமீட்டர் என்று வந்தது.

உமிழ்நீர்க் கற்களில் பெரும்பாலானவை தாடைக்குக் கீழுள்ள சுரப்பியில்தான் உண்டாகின்றனவாம். அங்கே ஊறும் நீர் கொழகொழப்பானது. அது நீண்ட குழாயில் மேல்நோக்கி ஏறி வரவேண்டும். தேங்கினால் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகிவிடுகிறது.

சுரப்பியையே எடுத்துவிடுவார்களோ என்பதுதான் என் பயம். கீழுதட்டை அசைக்கும் நரம்பு அதை ஒட்டியே போகிறது என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அது கடைசி வழி என்றார் மருத்துவர். சின்னக் கல் என்றால் நிறையத் தண்ணீர், வெந்நீர் ஒத்தடம், நீவிவிடுதல், புளிப்பு மிட்டாய் இவற்றிலேயே வெளியேறிவிடலாம். சீழ் பிடித்திருந்தால் முதலில் ஆன்டிபயாடிக். 4 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கல்லைக் குழாய்க்குள் மெல்லிய எண்டோஸ்கோப் விட்டுக் கம்பிக்கூடையால் பிடித்து இழுக்கலாம். என் கல் அதைவிடப் பெரிது, ஆனால் குழாயின் வாயருகே இருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, நாக்கின் அடியில் சிறிதாகக் கீறி எடுத்தார்கள். பஞ்சுத்துணியில் வைத்துக் காட்டினார்கள்: மஞ்சளாக, சொரசொரப்பாக, உடைந்த அரிசிபோல.

ஒரு வாரம் நாக்கின் அடியில் வீக்கம் இருந்தது. மிருதுவான உணவு, சாப்பிட்டதும் உப்புநீர்க் கொப்பளிப்பு. நீவிவிடுவதைத்தான் மிகவும் வலியுறுத்தினார்கள். குழாய் மீண்டும் அடைபடாமல் இருக்க அதுவே துணை. தாடைக் கோணத்திலிருந்து முகவாய் நோக்கி, நாளுக்கு நான்கைந்து முறை.

ஆறாம் நாள் காலை அப்படி நீவும்போது நாக்கின் அடியில் வெதுவெதுப்பாக ஏதோ ஊறியது. கண்ணாடி முன் நாக்கைத் தூக்கிப் பார்த்தேன். தையலுக்குப் பக்கத்தில் தெளிந்த நீர் ஒரு சொட்டு திரண்டு நின்றது. அன்று மதியம் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.